செயலி திரையில் இல்லாதபோதும் வேலை நடக்க: பின்னணிச் சேவைகள் எழுதப் பழகுவோருக்கு

செயலி திரையில் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். பயனர் ஹோம் பட்டனைத் தொட்டு வேறு செயலிக்குப் போன பிறகுதான் சிக்கல் தொடங்கும். அப்லோடு பாதியில் நிற்கும், ஜிபிஎஸ் புள்ளிகள் வருவது நின்றுபோகும், மணிக்கு ஒருமுறை நடக்க வேண்டிய சிங்க் இரவு முழுக்க நடந்திருக்காது. விடை தேடினால் கிடைக்கும் கோடுகளில் (நிரல்களில்) பலவும் 2017இல் ஆண்ட்ராய்டு 8 வருவதற்கு முன் எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்து ஒட்டினால் சில கிராஷ் ஆகும். மற்றவை ஒரு பிழைச்செய்தியும் தராமல் நின்றுவிடும், அதுதான் இன்னும் தொல்லை.

எழுதத் தொடங்கும் முன் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பிராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் செயலியை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் உரிமை இயங்குதளத்துக்கு உண்டு. மெமரி குறைந்தாலும், பேட்டரியை மிச்சப்படுத்த நினைத்தாலும், பயனர் நெடுநாள் உங்கள் செயலியைத் திறக்காமல் இருந்தாலும் அது கை வைக்கும். அதைத் தடுக்கும் தந்திரம் தேடுவதில் போகும் நேரம் வீண். எந்த நொடியில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வேலையை அமைத்துவிட்டால், கீழே வரும் விதிகளில் பாதி தானாகவே பொருள்படும்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் ஆண்ட்ராய்டைப் பற்றியது. ஐஓஎஸ்ஸுக்கான பகுதி பிற்பாடு வருகிறது.

முதலில் வேலையை வகைப்படுத்துங்கள்

எந்த வகுப்பை எடுப்பது என்று யோசிக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலை நடந்துகொண்டிருப்பது பயனருக்கு இப்போதே தெரிய வேண்டுமா? பாட்டு ஒலிப்பது, நடைப்பயிற்சியின் பாதையைப் பதிவது, அழைப்பில் பேசுவது எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ், அதாவது அறிவிப்பைக் காட்டிக்கொண்டே ஓடும் சேவை.

சற்றுப் பொறுத்து நடந்தாலும் போதும், ஆனால் கட்டாயம் நடந்தாக வேண்டுமா? பதிவுகளைச் சர்வருக்கு அனுப்புவது, பழைய கேஷைத் துடைப்பது போன்றவை. இவற்றுக்கு வொர்க்மேனேஜர், அதாவது வேலையை வரிசையில் வைத்து நிபந்தனை பொருந்தும்போது ஓட்டும் ஆண்ட்ராய்டு நூலகம்.

குறித்த நிமிடத்தில் நடந்தே ஆக வேண்டுமா? மாத்திரை நினைவூட்டல், காலை அலாரம். இவற்றுக்கு அலாரம்மேனேஜர்.

நான்காவது கேள்வியைத்தான் புதியவர்கள் கேட்க மறக்கிறார்கள்: செய்தி சர்வரிலிருந்து கிளம்புகிறதா? அப்படியானால் போனில் எந்தச் சர்வீஸும் ஓட வேண்டியதில்லை, சர்வரே போனுக்கு அனுப்பும் புஷ் அறிவிப்பு போதும். "புதுச் செய்தி வந்ததா" என்று நிமிடத்துக்கு ஒருமுறை போன் போய்க் கேட்டுக்கொண்டிருக்கும் வடிவமைப்பு பேட்டரியைத் தின்னும், இன்றைய ஆண்ட்ராய்டில் நிலைத்தும் நிற்காது.

பெரும்பாலான செயலிகளுக்கு வொர்க்மேனேஜரும் புஷ்ஷும் போதுமானவை. ஃபோர்கிரவுண்ட் சர்வீஸை உண்மையில் தேவைப்படும்போது மட்டும் எடுங்கள்.

சர்வீஸ் என்றால் தனி த்ரெட் அல்ல

சர்வீஸில் எழுதிய கோடு தானாகவே பின்னணியில் ஓடும் என்று நம்பிவிடுவது எளிது. உண்மையில் ஆண்ட்ராய்டு சர்வீஸின் எல்லா கால்பேக்குகளும் (இயங்குதளம் அழைக்கும் ஃபங்ஷன்கள்) திரையை இயக்கும் மெயின் த்ரெட்டில்தான் ஓடுகின்றன. சர்வீஸ் தொடங்கும்போது அழைக்கப்படும் ஆன்ஸ்டார்ட்கமாண்டுக்குள் ஒரு பெரிய ஃபைலைப் படித்தால் திரை உறையும். அந்த நேரத்தில் பயனர் எதையாவது தொட்டு, 5 நொடிக்குள் செயலி பதில் தராவிட்டால், "செயலி பதிலளிக்கவில்லை" என்ற பெட்டி வந்து நிற்கும். சர்வீஸின் பணி, "இந்தப் பிராசஸுக்கு இன்னும் வேலை இருக்கிறது" என்று இயங்குதளத்துக்குச் சொல்வது மட்டுமே. வேலையை வேறு த்ரெட்டுக்கு நீங்கள்தான் தள்ள வேண்டும். கோட்லினில் சர்வீஸுக்கென ஒரு ஸ்கோப் வைத்து, அதில் கோரூட்டீனை (நடுவில் நிறுத்தித் தொடரக்கூடிய வேலை) ஐஓ டிஸ்பேட்சரில் தொடங்கி, சர்வீஸ் முடியும்போது அழைக்கப்படும் ஆன்டிஸ்ட்ராயில் அந்த ஸ்கோப்பை ரத்து செய்யுங்கள். பழைய பாடங்களில் வரும் இன்டென்ட்சர்வீஸ் ஆண்ட்ராய்டு 11லேயே கைவிடப்பட்டது, அதைப் புதிதாகக் கற்க வேண்டாம்.

வொர்க்மேனேஜர்: ஒலிப்பதிவுகளை அனுப்பும் வேலை

பயனர் குரல் பதிவு செய்கிறார், வைஃபை கிடைத்ததும் அது சர்வருக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1. வேலைப் பட்டியலை டேட்டாபேஸில் வையுங்கள். ரூம் டேட்டாபேஸில் ஒரு டேபிள்: பதிவின் ஐடி, ஃபைல் இருக்கும் இடம், நிலை, இதுவரை அனுப்பிய பைட் அளவு. ஐடி பதிவு உருவாகும்போதே போனில் உருவாக்கிய யூயூஐடியாக (வேறெதனுடனும் மோதாத அடையாள எண்) இருக்கட்டும், காரணம் பின்னால் வருகிறது. வேலையைச் செய்யும் வகுப்பான வொர்க்கரிடம் ஃபைலையே இன்புட் டேட்டாவாகக் கொடுக்க முயல வேண்டாம். அதன் உச்ச அளவு 10 கேபி. ஐடியை மட்டும் கொடுங்கள், அல்லது ஒன்றுமே கொடுக்காமல் வொர்க்கரே டேபிளைப் படிக்கட்டும்.

படி 2. கோரூட்டீன்வொர்க்கரை நீட்டித்து டூவொர்க்கை எழுதுங்கள். நிலுவையில் உள்ள வரிசைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஃபைலைச் சிறு துண்டுகளாக, உதாரணமாக 1 எம்பி அளவில், அனுப்புங்கள். ஒவ்வொரு துண்டும் போய்ச் சேர்ந்ததும் அனுப்பிய அளவை டேட்டாபேஸில் எழுதுங்கள். ஒரு வொர்க்கர் ஒரே ஓட்டத்தில் சாதாரணமாக 10 நிமிடம் வரைதான் ஓட முடியும், அதன்பின் நிறுத்தப்படும். துண்டு துண்டாக அனுப்பினால் அடுத்த ஓட்டம் நடுவிலிருந்து தொடரும். முழு ஃபைலையும் ஒரே கோரிக்கையில் அனுப்பினால், மெதுவான இணைப்பில் பெரிய பதிவு ஒருபோதும் போய்ச் சேராது. ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, நேரம் முடிந்து நிற்கும்.

படி 3. நிபந்தனைகளைக் கொடுங்கள். வைஃபை மட்டும் என்றால் அன்மீட்டர்டு நெட்வொர்க். தேவையில்லாமல் "சார்ஜ் ஆகும்போது மட்டும்", "ஐடிலாக இருக்கும்போது மட்டும்" என்று அடுக்கினால் அவை எல்லாம் ஒரே நேரத்தில் பொருந்துவது அரிதாகிவிடும். பிறகு "வேலை ஏன் ஓடவில்லை" என்று தேட வேண்டியிருக்கும்.

படி 4. முடிவைச் சரியாகச் சொல்லுங்கள். இணைப்பு அறுந்தது, சர்வர் 503 தந்தது என்றால் ரிட்ரை. இயல்பாக முதல் மறுமுயற்சி 30 நொடி கழித்து நடக்கும், பிறகு இடைவெளி இரட்டித்துக்கொண்டே போய் 5 மணி நேரத்தில் நிற்கும். ஆனால் சர்வர் 413 தந்து ஃபைல் மிகப் பெரிது என்று சொன்னால் ரிட்ரை செய்து பயனில்லை. அந்த வரிசையைத் தோல்வி என்று குறித்து, பயனருக்குத் தெரிவித்து, அடுத்ததற்குப் போங்கள். எல்லாப் பிழைக்கும் ரிட்ரை என்று எழுதினால் கெட்டுப்போன ஒரே ஒரு பதிவு பின்னால் நிற்கும் அனைத்தையும் வழிமறித்துக்கொண்டிருக்கும்.

இங்கே கோரூட்டீனில் ஒரு பொறி இருக்கிறது. வைஃபை போய்விட்டால் வொர்க்மேனேஜர் உங்கள் கோரூட்டீனை ரத்து செய்யும், கேன்சலேஷன்எக்செப்ஷன் எழும். நீங்கள் எல்லா எக்செப்ஷனையும் ஒரே கேட்சில் பிடித்து "தோல்வி" என்று டேபிளில் எழுதினால், நன்றாக இருக்கும் பதிவும் தோல்வியாகக் குறிக்கப்பட்டுவிடும். கேன்சலேஷன்எக்செப்ஷனை முதலில் தனியாகப் பிடித்து அப்படியே மறுபடி எறியுங்கள். நிறுத்தப்பட்ட வேலையை நிபந்தனை மீண்டும் பொருந்தும்போது வொர்க்மேனேஜரே எழுப்பும்.

படி 5. வேலைக்குத் தனிப்பெயர் கொடுத்து வரிசையில் சேருங்கள். பெயர் இல்லாமல் என்க்யூ செய்தால், செயலி திறக்கும்போதெல்லாம் இன்னொரு நகல் சேரும், ஒரே பதிவை நான்கு வொர்க்கர்கள் ஒன்றாக அனுப்பத் தொடங்கும். பெயர் கொடுத்த பிறகு, அதே பெயரில் வேலை ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்ற கொள்கையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கீப் என்றால் பழையது நிற்கும், புதியது தள்ளப்படும். இதில் ஒரு நுண்ணிய ஓட்டை உண்டு. வொர்க்கர் டேபிளைக் கடைசியாகப் படித்து முடித்து வெளியேறும் அந்த இடைவெளியில் புதுப் பதிவு வந்தால், கீப் அதைத் தள்ளிவிடும், பதிவு அனாதையாக நிற்கும். அப்பெண்ட் ஆர் ரிப்ளேஸ் கொள்கை இதை அடைக்கிறது. வெறும் அப்பெண்ட் எடுத்தால் முந்தைய வேலை தோற்றுப்போனதும் பின்னால் சேர்த்தவையும் தோற்றதாகவே ஆகிவிடும், அது வேண்டாம்.

படி 6. சர்வர் பக்கத்தையும் தயார் செய்யுங்கள். கடைசித் துண்டு போய்ச் சேர்ந்து, "முடிந்தது" என்று டேட்டாபேஸில் எழுதும் முன் பிராசஸ் செத்தால், அடுத்த ஓட்டம் அதே துண்டை மறுபடி அனுப்பும். இதைப் போன் பக்கத்தில் முற்றிலும் தவிர்க்க முடியாது. முதல் படியில் உருவாக்கிய யூயூஐடியை ஒவ்வொரு கோரிக்கையிலும் அனுப்பி, ஏற்கெனவே வந்த துண்டென்றால் சர்வர் அமைதியாக "சரி" என்று சொல்ல வேண்டும். சர்வரை வேறொருவர் எழுதுகிறார் என்றால் இதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். 5 என்று கொடுத்தாலும் அது 15 ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். 15 நிமிடம் ஆன அந்த நொடியே ஓடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். இயங்குதளம் பல செயலிகளின் வேலைகளை ஒன்றுசேர்த்து ஓட்டுவதால் நேரம் முன்பின்னாகும்.

ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ்: நடைப்பாதையைப் பதியும் வேலை

இது பயனரின் கண் முன்னால் நடக்கும் வேலை, அதனால் அறிவிப்பு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்பும் இதில் ஒரு விதியைச் சேர்த்திருக்கிறது. அதனால் வரிசை முக்கியம்.

செயலியின் அனுமதிகளையும் சர்வீஸ்களையும் அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் ஃபைலிலிருந்து தொடங்குங்கள். ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் அனுமதி ஆண்ட்ராய்டு 9 முதல் தேவை. ஆண்ட்ராய்டு 14ஐ இலக்காக வைத்தால் வகைக்கென்று தனி அனுமதியும் வேண்டும், நம் வேலைக்கு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் லொகேஷன். அதனுடன் துல்லிய இருப்பிட அனுமதி, ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு அனுமதி. சர்வீஸ் டேகில் வகையை லொகேஷன் என்று எழுதுங்கள், எக்ஸ்போர்டட் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். ஆண்ட்ராய்டு 14இல் வகை எழுதாமல் விட்டால் ஸ்டார்ட்ஃபோர்கிரவுண்ட் அழைக்கும் இடத்திலேயே கிராஷ்.

அடுத்து அறிவிப்புச் சேனல். முக்கியத்துவத்தை லோ என்று வையுங்கள், இல்லாவிட்டால் தூரத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் போன் சத்தம் போட வாய்ப்புண்டு. சிறிய ஐகான் கட்டாயம். அதை விட்டுவிட்டால் வரும் கிராஷ் செய்தி "தவறான அறிவிப்பு" என்று மட்டும் சொல்லும், ஐகானைச் சந்தேகிக்கத் தோன்றாது.

பயனர் "தொடங்கு" பட்டனைத் தொட்டதும், இருப்பிட அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்கிய பிறகே சர்வீஸைத் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு 14இல் அனுமதியின்றி லொகேஷன் வகையைத் தொடங்கினால் செக்யூரிட்டிஎக்செப்ஷன் வரும். அறிவிப்பு அனுமதியைப் பயனர் மறுத்தாலும் சர்வீஸ் ஓடும், அறிவிப்பு மட்டும் வழக்கமான இடத்தில் தெரியாது.

செயலி திரையில் இருக்கும்போதே தொடங்குவதும் முக்கியம். ஆண்ட்ராய்டு 12 முதல், சில விதிவிலக்குகள் தவிர, பின்னணியிலிருந்து ஃபோர்கிரவுண்ட் சர்வீஸைத் தொடங்க முடியாது. வொர்க்கர் ஒன்றிலிருந்தோ சாதாரண டைமரிலிருந்தோ தொடங்கப் பார்த்தால் எக்செப்ஷன்தான் மிஞ்சும்.

ஸ்டார்ட்ஃபோர்கிரவுண்ட்சர்வீஸ் அழைத்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சில நொடிகளுக்குள், ஆண்ட்ராய்டு ஆவணப்படி 5 நொடிக்குள், சர்வீஸ் ஸ்டார்ட்ஃபோர்கிரவுண்டை அழைத்து அறிவிப்பைக் காட்ட வேண்டும். தவறினால் செயலி முழுவதுமே கிராஷ் ஆகும். ஆகவே ஆன்ஸ்டார்ட்கமாண்டின் முதல் வரியே அந்த அழைப்பாக இருக்கட்டும். டேட்டாபேஸைத் திறப்பது, முந்தைய நடையைப் படிப்பது எல்லாம் அதன் பிறகு. வேகமான போனில் ஒருபோதும் வராத இந்தக் கிராஷ், மெமரி குறைந்த பழைய போனில் அடிக்கடி வரும். காரணம், உங்கள் அழைப்புக்கு முன்னால் மெயின் த்ரெட்டில் வேறு வேலைகள் வரிசையில் நிற்பதுதான்.

ஆன்ஸ்டார்ட்கமாண்டு எதைத் திருப்பித் தருகிறது என்பதையும் யோசித்து எழுதுங்கள். ஸ்டார்ட் ஸ்டிக்கி தந்தால், பிராசஸ் செத்த பிறகு இயங்குதளம் சர்வீஸை மறுபடி எழுப்ப முயலும், ஆனால் இன்டென்ட் (சர்வீஸைத் தொடங்க அனுப்பிய செய்தி) நல் (null), அதாவது வெற்றாக, வரும். இன்டென்டிலிருந்து நடையின் ஐடியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் கோடு அந்த நொடியில் கிராஷ் ஆகும். நடப்பில் உள்ள நடையின் ஐடியை டேட்டாபேஸில் வைத்து, இன்டென்ட் நல் என்றால் அங்கிருந்து எடுங்கள். இருப்பிடப் புள்ளிகளையும் மெமரியில் ஒரு லிஸ்டில் சேர்த்து வைத்துக் கடைசியில் சேமிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு மணி நேர நடை ஒரே நொடியில் காணாமல் போனால் அந்தப் பயனர் உங்கள் செயலியை மீண்டும் நம்ப மாட்டார். வரும் புள்ளியை வந்தவுடன் எழுதுங்கள்.

அறிவிப்பிலேயே "நிறுத்து" பட்டன் ஒன்று வையுங்கள். நடை முடிந்ததும் இருப்பிட அப்டேட்டை நீக்கி, ஸ்டாப்ஃபோர்கிரவுண்ட், ஸ்டாப்செல்ஃப் இரண்டையும் அழைக்க மறக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் பயனர் அறிவிப்புத் தட்டிலிருந்தே உங்கள் செயலி முழுவதையும் நிறுத்தலாம். அப்போது எந்தக் கால்பேக்கும் வராது. ஆகவே "முடிந்தது" என்று எழுதும் வேலையை ஆன்டிஸ்ட்ராயை நம்பி விட்டுவிடாமல், முடிவடையாத நடை இருக்கிறதா என்று அடுத்த முறை செயலி திறக்கும்போது பாருங்கள்.

வகையை ஏமாற்றிப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில் டேட்டாசிங்க் வகை 24 மணி நேரத்தில் மொத்தம் 6 மணி நேரம்தான் பின்னணியில் ஓடலாம், ஷார்ட்சர்வீஸ் வகை சுமார் 3 நிமிடம். நேரம் முடிந்ததும் ஆன்டைம்அவுட் வரும், உடனே நிற்காவிட்டால் இயங்குதளம் பிழையாகக் கணக்கிடும். கூகுள் பிளேயில் வெளியிடும்போதும் நீங்கள் எடுத்த ஒவ்வொரு வகைக்கும் காரணம் எழுதி, அது செயல்படுவதை வீடியோவில் காட்ட வேண்டும்.

குறித்த நேரத்து வேலை

மாத்திரை நினைவூட்டல் போன்றவற்றுக்கு அலாரம்மேனேஜரின் செட்எக்ஸாக்ட்அண்ட்அலவ்வைல்ஐடில். ஆண்ட்ராய்டு 12 முதல் துல்லிய அலாரத்துக்குத் தனி அனுமதி தேவை. 14இல் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு அது இயல்பாக மறுக்கப்பட்டிருக்கும். கேன்ஷெட்யூல்எக்ஸாக்ட்அலாரம்ஸ் கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் அமைப்புகள் பக்கத்துக்குப் பயனரை அழைத்துச் செல்லுங்கள். போனை ரீஸ்டார்ட் செய்தால் எல்லா அலாரமும் அழிந்துவிடும். பூட் முடிந்ததும் வரும் பிராட்காஸ்டைக் கேட்டு மறுபடி பதிய வேண்டும். வொர்க்மேனேஜர் வேலைகளுக்கு இந்தக் கவலை இல்லை.

ஐஓஎஸ் பக்கம்

இங்கே உங்கள் விருப்பப்படி ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் என்ற ஒன்றே கிடையாது. ஒலி, இருப்பிடம், இணைய அழைப்பு, புளூடூத் போன்ற அறிவிக்கப்பட்ட முறைகள் உண்டு. மற்றபடி செயலி திரையிலிருந்து போன சில நொடிகளில் உறைய வைக்கப்படும். தொடங்கிய சிறு வேலையை முடிக்க பிகின்பேக்கிரவுண்ட்டாஸ்க் அழைத்தால் சுமார் 30 நொடி கிடைக்கும். முடிந்ததும் எண்ட்பேக்கிரவுண்ட்டாஸ்க் அழைக்காவிட்டால் செயலி கொல்லப்படும்.

பெரிய ஃபைல்களுக்கு யூஆர்எல்செஷனின் பேக்கிரவுண்ட் வகையை எடுங்கள். கடத்தும் வேலையை உங்கள் பிராசஸுக்கு வெளியே இயங்குதளமே செய்யும், நீங்கள் உறைந்திருந்தாலும் நடக்கும். அப்லோடை ஃபைலிலிருந்துதான் கொடுக்க வேண்டும், மெமரியில் உள்ள டேட்டாவாகக் கொடுக்க முடியாது. முடிவுகள் டெலிகேட் வழியே வரும்.

அவ்வப்போது புதுப்பிக்க ஐஓஎஸ் 13இல் வந்த பிஜிடாஸ்க்ஷெட்யூலர் இருக்கிறது. டாஸ்க்கின் பெயரை இன்ஃபோ பிலிஸ்டில் எழுதி, செயலி ஏவப்பட்டு முடியும் முன்பே பதிவு செய்யுங்கள். ஒருமுறை சமர்ப்பித்தால் ஒருமுறைதான் ஓடும், ஆகவே ஹேண்ட்லரின் முதல் வேலை அடுத்ததைச் சமர்ப்பிப்பது. எப்போது ஓடும் என்பதை இயங்குதளம் தீர்மானிக்கும். நீங்கள் கொடுக்கும் நேரம் "இதற்கு முன் வேண்டாம்" என்பது மட்டுமே.

போன் பூட்டியிருக்கும்போது மட்டும் பின்னணி வேலை தோற்கிறதா? ஐஓஎஸ்ஸின் ரகசியப் பெட்டகமான கீசெயினில் வைத்த டோக்கனைப் பாருங்கள். "திறந்திருக்கும்போது மட்டும்" என்ற பாதுகாப்பில் வைத்திருந்தால் பூட்டிய போனில் அதைப் படிக்க முடியாது. "முதல் முறை திறந்த பிறகு" என்ற வகைக்கு மாற்றுங்கள். இன்னொன்று: பயனர் செயலியை மேலே தள்ளி மூடிவிட்டால், அவர் மறுபடி திறக்கும்வரை பேக்கிரவுண்ட் ரிஃப்ரெஷ் நடக்காது, நடப்பில் இருந்த பேக்கிரவுண்ட் கடத்தல்களும் ரத்தாகும்.

மேசையில் ஓடுகிறது, பையில் ஓடவில்லை

ஆண்ட்ராய்டு 6 முதல் டோஸ் என்ற நிலை உண்டு. கேபிளில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கும் போன் நெட்வொர்க்கையும் சாதாரண அலாரங்களையும் வேலைகளையும் நிறுத்திவைக்கும். நீங்கள் சோதிக்கும் போனோ எப்போதும் யூஎஸ்பி கேபிளில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது, அதனால் டோஸுக்குள் போவதே இல்லை.

அதைக் கட்டாயப்படுத்திப் பார்க்கலாம். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் ஏடிபி ஷெல்லில் டம்ப்சிஸ் பேட்டரி அன்பிளக் கொடுத்து, திரையை அணைத்து, டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் ஃபோர்ஸ்-ஐடில் கொடுங்கள். வேலைகள் நிற்பதைப் பாருங்கள். பிறகு அன்ஃபோர்ஸ் கொடுத்து அவை மீண்டும் எழுகின்றனவா என்று பாருங்கள். கடைசியில் பேட்டரி ரீசெட் கொடுக்க மறந்தால், சார்ஜரில் போட்டாலும் போன் பேட்டரியில் ஓடுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

பிராசஸ் மரணத்தையும் சோதியுங்கள். ஹோம் பட்டனைத் தொட்டுவிட்டு ஏஎம் கில் கட்டளையுடன் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால், மெமரி பற்றாக்குறையில் இயங்குதளம் கொல்வது போலவே நடக்கும். இதற்கு அமைப்புகளில் உள்ள ஃபோர்ஸ் ஸ்டாப்பை அழுத்துவது சரியான சோதனை அல்ல. அது அலாரம், வேலை, பிராட்காஸ்ட் எல்லாவற்றையும் பயனர் செயலியை மறுபடி திறக்கும்வரை முடக்கிவிடும். அதன்பின் ஒன்றும் ஓடாததைப் பார்த்துக் கோடில் பிழை தேடுவது வீண்.

சில தயாரிப்பாளர்களின் போன்கள் தங்கள் சொந்தப் பேட்டரி விதிகளையும் சேர்த்து, சமீபப் பட்டியலிலிருந்து தள்ளியதும் செயலியை முழுக்க நிறுத்திவிடுகின்றன. இதற்குக் கோடில் முழுத் தீர்வு கிடையாது. பின்னணி வேலைதான் உங்கள் செயலியின் உயிர் என்றால், பேட்டரிக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் பக்கத்தை விளக்கத்துடன் பயனருக்குக் காட்டுங்கள். மற்றச் செயலிகள் இதைக் கேட்கவே கூடாது.

பயனர்களின் போனில் என்ன நடந்தது என்று ஊகிக்கவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 11 முதல் ஆக்டிவிட்டிமேனேஜரின் கெட்ஹிஸ்டாரிக்கல்பிராசஸ்எக்ஸிட்ரீசன்ஸ் உங்கள் பிராசஸ் முன்பு ஏன் முடிந்தது என்று சொல்லும்: மெமரிக் குறைவா, கிராஷா, பயனரே நிறுத்தினாரா. வொர்க்மேனேஜர் 2.9 முதல் வொர்க்இன்ஃபோவில் நிறுத்தக் காரணமும் உண்டு, ஆண்ட்ராய்டு 12 முதல் அது கிடைக்கும். செயலி திறக்கும்போது இவ்விரண்டையும் உங்கள் லாகில் எழுதிவிடுங்கள். "அப்லோடு ஆகவில்லை" என்ற புகார் வரும்போது முதலில் அந்த வரிகளைப் படியுங்கள், அதன் பிறகு கோடைத் திறக்கலாம்.